பூநாரை வந்தா போதாது, சேத்துலயும் பாருங்க: மாநில ஈரநில ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநில ஈரநில ஆணையத்துக்கும், ஈரநில இயக்கத்துல வேலை பார்க்குற வனத்துறை அதிகாரிகளுக்கும், அவங்களுக்கு ஆலோசனை சொல்ற ஆராய்ச்சியாளர்களுக்கும் வணக்கம்.

சென்னையில இருக்கற பள்ளிக்கரணை சதுப்புநிலத்தப் பத்திதான் எழுதுறேன். 2022ல கரிக்கிலி, பிச்சாவரத்தோட சேர்ந்து இதுவும் உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியலான ராம்சார் பட்டியல்ல வந்தப்போ எங்க பக்கத்துல அவ்ளோ சந்தோஷம், ஏன்னா குப்பைமேடு, புகை, நாத்தம்னு மட்டுமே பேசப்பட்ட ஒரு இடத்துக்கு உலகத்துல ஒரு மரியாதை கிடைச்சுது. 1,247 ஹெக்டேர்னு எல்லை போட்டாங்க. ஒரு காலத்துல 5,000 ஹெக்டேருக்கு மேல விரிஞ்சு கிடந்த சதுப்புநிலத்துல மிச்சம் இருக்கறது அவ்ளோதான். தமிழ்நாட்டுல இப்போ 20 ராம்சார் தளம், இந்தியாவுல வேற எந்த மாநிலத்துலயும் இவ்ளோ இல்ல, இது உண்மையிலயே பெருமைப்பட வேண்டிய விஷயம். பெருங்குடியில பழைய குப்பைய தோண்டிப் பிரிச்சு எடுக்கற பயோமைனிங் பண்றாங்க, சீமைக் கருவேலம் வெட்டுறாங்க, ஆகாயத்தாமரை அள்ளுறாங்க, வாய்க்கால் தூர்வாருறாங்க. இதெல்லாம் வேணும், இதைச் செய்யறவங்க மேல எனக்கு மரியாதை இருக்கு.

என் கேள்வி ஒண்ணுதான். வேலையெல்லாம் முடிஞ்சப்புறம் சதுப்புநிலம் தேறிடுச்சா இல்லையான்னு எதை வச்சு சொல்லப்போறீங்க?

இதுக்கு வழக்கமா வர்ற பதில் பறவைதான். இத்தனை ஆயிரம் பறவை வந்துச்சு, இத்தனை வகை வந்துச்சு, பூநாரை வந்துச்சு, பேப்பர்ல போட்டோ வந்துச்சு. பறவை கணக்கெடுப்ப நான் குறைச்சு சொல்லல, ஒவ்வொரு குளிர்காலமும் விடியக்காலையில டெலஸ்கோப்ப தூக்கிட்டு வந்து நிக்கிற தன்னார்வலர்கள் இல்லைன்னா நம்ம கையில எந்தத் தகவலுமே இருந்திருக்காது. ஆனா பறவை எண்ணிக்கை மட்டும் பார்த்தா தப்பான முடிவுக்குப் போயிடலாம், அது எப்படின்னு கொஞ்சம் விரிவா சொல்றேன், கோச்சுக்காம படிங்க.

ரேடியல் ரோட்டுல நின்னு பார்த்தா நீளமான ரோஸ் கலர் கால் வச்சுகிட்டு கூட்டம் கூட்டமா மேயுதே நெடுங்கால் உள்ளான், அதை எடுத்துக்குவோம். அது சேத்துல எதைக் கொத்துது? பெரும்பாலும் சின்னச் சின்னப் பூச்சிகளும் அதோட லார்வாவும், அதுல முக்கியமா கைரோனோமிட்ங்கற கடிக்காத கொசு மாதிரி பூச்சியோட சிவப்பு லார்வா. மீன் வளர்க்கறவங்க கடையில பிளட் வார்ம்னு வாங்குவாங்களே, அதேதான். அது ஏன் சிவப்பா இருக்குன்னா அதோட உடம்புல ஹீமோகுளோபின் இருக்கு, அதனால ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட இல்லாத சேத்துலகூட அது உயிரோட இருந்துடும். கழிவுநீர் கலக்குது, தண்ணியில இருக்கற ஆக்ஸிஜன பாக்டீரியா தின்னு தீர்த்துடுது, மத்த பூச்சியெல்லாம் செத்துப்போகுது, போட்டிக்கு ஆளே இல்லாம இந்த சிவப்புப் புழு மட்டும் கோடிக்கணக்குல பெருகுது, அதைத் தின்ன உள்ளான் கூட்டம் வந்து இறங்குது, நாம அதை எண்ணிட்டு "பறவைகள் அதிகரிப்பு"ன்னு எழுதுறோம். அதாவது அந்த எண்ணிக்கை ஏறுனதுக்குக் காரணமே சாக்கடையா இருக்கலாம். உலகம் முழுக்க கழிவுநீர் குட்டைகள்ல இந்தப் பறவை சௌகரியமா வாழுது.

பூநாரை கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். மும்பை பக்கத்துல தானே கிரீக்குங்கற கழிமுகத்துல பூநாரை ஆயிரக்கணக்குல வர்றத எல்லாரும் கொண்டாடுறாங்க, கொண்டாட வேண்டியதுதான், ஆனா நகரத்துக் கழிவுநீரால நீலப்பச்சைப் பாசி பெருகினது அதுக்கு ஒரு காரணமா இருக்கலாம்னு ஆராய்ச்சியாளர்களே சொல்லியிருக்காங்க. கூழைக்கடாவும் நீர்க்காகமும் மீன் இருந்தா வரும், அது நாட்டுக் கெண்டையா ஜிலேபியான்னு அதுக்குக் கவலை இல்ல. பள்ளிக்கரணை மாதிரி தண்ணியில ஜிலேபி எவ்ளோ வேகமா பெருகும்னு உங்களுக்கே தெரியும்.

மீனவர்கிட்ட கேட்டா "விரால் இருக்கு, தேளி இருக்கு, பனையேறி இருக்கு, தண்ணி நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லுவாங்க. ஆனா இது மூணுமே மேல வந்து காத்துல இருந்து நேரா மூச்சு எடுக்கற மீன். தண்ணியில ஆக்ஸிஜன் இருந்தாலும் இல்லாட்டியும் அதுக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரு இடத்துல இந்த மாதிரி மீன் மட்டும்தான் மிச்சம்னா அதை நல்ல சேதின்னு எடுத்துக்க முடியாது, காத்துல மூச்சு விட முடியாத சின்னக் கெண்டை வகைங்க எங்க போச்சுன்னுதான் கேக்கணும்.

"சரி, அதான் தண்ணிய லேப்ல டெஸ்ட் பண்றோமே"ன்னு நீங்க கேக்கலாம். டெஸ்ட் வேணும். ஆனா சாம்பிள் எடுக்கறது எப்போ? பெரும்பாலும் ஆபீஸ் நேரத்துல, காலையில பத்து பதினொரு மணிக்கு வெயில்ல. பாசி நிறைஞ்ச தண்ணியில பகல்ல பாசியே ஆக்ஸிஜன விட்டுகிட்டு இருக்கும், ரீடிங் பிரமாதமா வரும். அதே இடத்துல விடியக்காலை நாலு அஞ்சு மணிக்கு மீட்டர போட்டா ஆக்ஸிஜன் தரைமட்டத்துக்குப் போயிருக்கும், ஏன்னா ராத்திரி முழுக்க அதே பாசியும் பாக்டீரியாவும் அதை இழுத்துகிட்டே இருக்கும். மீட்டருக்கு நாம போட்ட அந்த ஒரு நிமிஷம்தான் தெரியும். சேத்துல மாசக்கணக்குல கிடக்கற ஒரு தும்பி லார்வா அந்த எல்லா ராத்திரியையும் தாண்டி வந்திருக்கணும், நடுவுல ஒரு நாள் யாரோ லாரியில கழிவுநீர கொண்டுவந்து திறந்து விட்டுட்டுப் போனாலும் அந்த லார்வா அதுல மாட்டியிருக்கும். இதுக்குத்தான் தண்ணி எப்படி இருக்குன்னு தான் இருக்கறத வச்சே காட்டிக்குடுக்கற இண்டிகேட்டர் இனம், அதாவது குறிகாட்டி இனம்னு ஒரு விஷயத்த விஞ்ஞானிங்க நூறு வருஷத்துக்கும் மேலா பிடிச்சுகிட்டு இருக்காங்க. 1900கள்லயே ஜெர்மனியில கோல்க்விட்ஸ், மார்சன்னு ரெண்டு பேர் ஆத்துல எந்த உயிர் இருக்குன்னு பார்த்து கழிவு எவ்ளோ கலந்திருக்குன்னு சொல்ற முறைய உண்டாக்கினாங்க. பிரிட்டன்ல பூச்சிக் குடும்பத்துக்கெல்லாம் 1ல இருந்து 10 வரைக்கும் மார்க் போட்டாங்க, அழுக்கத் தாங்குற மண்புழு வகைக்கு 1, சுத்தமான தண்ணியில மட்டும் வாழ்ற சில மேஃபிளை வகைக்கு 10. நம்ம மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அதையே இந்தியாவுக்கு ஏத்த மாதிரி மாத்தி வச்சிருக்கு. அதனால நான் கேக்கறது ஒண்ணும் புது விஷயம் இல்ல.

ஆனா அந்த மார்க் பட்டியல அப்படியே கொண்டுவந்து பள்ளிக்கரணையில ஒட்ட வேணாம்னும் சொல்லிக்கறேன். அது ஓடுற ஆத்துக்குப் போட்டது. இங்க தண்ணி தேங்கும், கோடையில வத்தும், ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கோவளம் முகத்துவாரத்துக்கும் தொடர்பு இருக்கறதால உப்பும் சேரும். சேறும் சகதியுமா இருக்கற இடத்துல ஓடுற தண்ணிப் பூச்சி இல்லைன்னு பூஜ்யம் போட்டா அது தப்பான தீர்ப்பு. நமக்குன்னு ஒரு பட்டியல் வேணும், அதுக்கு நம்ம பல்கலைக்கழகங்கள்லயும் ஆராய்ச்சி நிறுவனங்கள்லயும் ஆள் இருக்காங்க, கூப்பிட்டு உக்கார வைக்கணும், அவ்ளோதான்.

என் பார்வையில அந்தப் பட்டியல்ல முதல்ல வரவேண்டியது தும்பி. பறக்குற தும்பிய எண்ணினா மட்டும் பத்தாது, மழைக்கு முன்னாடி ஆயிரக்கணக்குல வட்டமடிக்குதே அந்த மஞ்சள் தும்பி, அது கடல் தாண்டி வலசை போற இனம், இங்க பறக்குதுன்னா இங்கதான் பொறந்துச்சுன்னு அர்த்தம் இல்ல. அதனால சம்புத் தண்டுலயும் கோரையிலயும் ஒட்டிகிட்டு இருக்கற காலி சட்டைய சேகரிக்கணும். லார்வா தண்ணிய விட்டு ஏறி வந்து தோல உரிச்சுட்டுப் பறந்து போயிடும், அந்த உரிச்ச சட்டை அங்கேயே நிக்கும். அது கிடைச்சா அந்தத் தும்பி இந்தத் தண்ணியிலதான் வளர்ந்து ஆளாச்சுன்னு அடிச்சுச் சொல்லலாம், ஒரு உயிரையும் கொல்லவும் வேண்டாம், காலேஜ் பசங்களுக்குப் பழக்கி விட்டா அவங்களே செய்வாங்க. ப்ராக்கிதெமிஸ் கன்டாமினேட்டான்னு ஆரஞ்சு கலர்ல ஒரு சின்னத் தும்பி, சாக்கடை ஓரத்துல எல்லாம் அதுதான் நிறைய இருக்கும். ஒரு பக்கம் அதோட சட்டை மட்டுமே கிடைக்குது, இன்னொரு பக்கம் ஏழெட்டு வகை கலந்து கிடைக்குதுன்னா எந்த வாய்க்கால் வாய்ல பிரச்சனைன்னு ஒரு மேப் கிடைச்சுடும். தென்னாப்பிரிக்காவுல இதை வச்சே ஒரு அளவுகோல் இருக்கு, ஒவ்வொரு இனத்துக்கும் 0ல இருந்து 9 வரைக்கும் மார்க். அங்க ஆத்தோரத்துல மண்டியிருந்த அயல்நாட்டு மரங்கள வெட்டினப்புறம், அந்த மண்ணுக்கே உரிய அரிய தும்பிங்க திரும்பி வந்தத பதிவு பண்ணியிருக்காங்க. நாம இங்க சீமைக் கருவேலத்த வெட்டிட்டு எத்தனை ஏக்கர் வெட்டினோம்னு மட்டும்தான் எழுதுறோம், அந்த ஏக்கர்ல அப்புறம் என்ன திரும்பி வந்துச்சுன்னு எழுதறதே இல்ல.

அடுத்தது செடி. சம்பு இருக்கே, அது பள்ளிக்கரணைக்குப் புதுசு இல்ல, பறவைக்கு மறைவும் கூடும் அதுலதான். ஆனா அது மத்த எல்லாத்தையும் அமுக்கிட்டு ஒரே சுவரா பரவுதுன்னா தண்ணியில சத்து அளவுக்கு மீறிச் சேருதுன்னும், கோடையிலகூட தண்ணி வத்த விடாம எங்கிருந்தோ வந்துகிட்டே இருக்குன்னும் சந்தேகப்படணும். அமெரிக்காவுல ஃப்ளோரிடா எவர்கிளேட்ஸ்ல இதேதான் நடந்துச்சு, கரும்புத் தோட்டத்துல இருந்து வந்த பாஸ்பரஸால அங்க இயல்பா இருந்த ரம்பப்புல் போய் சம்பு இனம் பரவிடுச்சு. 2000ல பெரிய மீட்புத் திட்டத்துக்கு அங்க அனுமதி கிடைச்சப்புறம் விஞ்ஞானிங்க உக்காந்து 11 குறிகாட்டிகள தேர்ந்தெடுத்தாங்க, அதுல தண்ணிக்கடியில தண்டுலயும் தரையிலயும் படியற பாசிப்படலம், சின்ன மீன், முதலை, கரண்டிவாயன், நாரைன்னு அடியில இருந்து மேல வரைக்கும் ஆள் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் சிக்னல் லைட் மாதிரி சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு போட்டு அறிக்கையா வெளியிடுறாங்க. பல வருஷம் பல கட்டத்துல சிவப்புதான் வந்துச்சு, அதையும் அப்படியே வெளியிட்டாங்க. இந்த நேர்மைதான் எனக்கு அதுல பிடிச்ச விஷயம்.

சம்புக்கு எதிர்ப்பக்கம் தண்ணிக்கு அடியிலயே வளர்ற செடிங்க, வேலம்பாசி மாதிரி, காராங்கற பாசி மாதிரி. தண்ணி கலங்கிப்போய் வெளிச்சம் உள்ள போகலைன்னா முதல்ல காணாம போறது இந்த மாதிரி செடிங்கதான், அதுலயும் காரா ரொம்ப சீக்கிரம் போயிடும். ஆனா அதோட வித்துங்க சேத்துல பல வருஷம் தூங்கும், தண்ணி தெளிஞ்சா தானா முளைக்கும். யாரும் நடாம அது ஒரு மூலையில முளைச்சா அது ரொம்ப நல்ல சேதி, அந்த மூலைக்கு ஒருத்தர் வருஷத்துக்கு ரெண்டு தடவை போய்ப் பார்த்து எழுதினா போதும்.

தவளைய மறந்துடாதீங்க. தோல் வழியா தண்ணியையும் காத்தையும் இழுக்கற உயிர், குஞ்சுல தண்ணியில, பெருசானா கரையில, ரெண்டு இடமும் சரியா இருந்தாத்தான் அது பிழைக்கும். மழை தொடங்கின முதல் வாரத்துல ராத்திரி ஆட்டோமேட்டிக் ரெக்கார்டர் நாலஞ்சு வச்சா எத்தனை வகை கத்துதுன்னு தெரிஞ்சுடும். ஆப்பிரிக்கன் கெளுத்தி நுழைஞ்ச குட்டையில தலைப்பிரட்டை மிஞ்சறது கஷ்டம், அந்த அமைதியும் ஒரு தகவல்தான்.

பறவையையும் விட வேணாம், ஆனா எண்ணிக்கைய விட அது கூடு கட்டிக் குஞ்சு பொரிக்குதான்னு பாருங்க. மிதக்குற இலை மேல முட்டையிடுற நீளவால் இலைக்கோழி எத்தனை ஜோடி கூடு கட்டிச்சு, எத்தனை குஞ்சு பொழைச்சுது? நீலத் தாழைக்கோழி குஞ்சோட வெளிய வருதா? நத்தைகுத்தி நாரைக்கு ஏத்த நாட்டு நத்தை இருக்கா, இல்ல அயல்நாட்டு நத்தையும் ஓடும்தான் மிச்சமா? இன்னொண்ணு ஆழம். சின்ன உள்ளான் வகையெல்லாம் சில சென்டிமீட்டர் தண்ணியிலதான் மேய முடியும். சதுப்புநிலத்த ஏரி மாதிரி ஒரே சீரா ஆழமா தோண்டி, நடுவுல ரெண்டு தீவு வச்சு, சுத்திலும் நடைபாதை போட்டா பார்க்க அழகா இருக்கும், கொள்ளளவு கணக்கும் ஏறும், ஆனா அந்த ஆழமில்லாத ஓரம் போயிடும், சின்ன உள்ளானும் போயிடும். டெண்டர் போடறதுக்கு முன்னாடி இதை யோசிக்கணும்னு உண்மையாவே கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

இதெல்லாம் வேலை தொடங்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும், அதுதான் முக்கியம். முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு தெரியலைன்னா பின்னாடி எதை வச்சு ஒப்பிடுவீங்க? அதோட மழை நம்மள ஏமாத்தும். 2015 மாதிரியோ, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ மாதிரியோ ஒரு வருஷம் பெய்ஞ்சா கழிவு எல்லாம் கரைஞ்சு அடிச்சுட்டுப் போய் தண்ணி தெளிஞ்ச மாதிரி ஆகும், அடுத்த சீசன்ல எல்லாமே நல்லா தெரியும், அதை மீட்பு வேலையோட வெற்றின்னு நாம கணக்கு எழுதிடுவோம். அதனால வேலை நடக்காத ஒரு பகுதியையும் இதே முறையில பார்க்கணும், வெளிய ஒரு ஒப்பீட்டு இடமும் வேணும். எனக்குத் தோணறது விழுப்புரம் மாவட்டத்து கழுவெளி. 2021 கடைசியில பறவைகள் சரணாலயமா அறிவிச்சீங்க, 2024ல அதுவும் ராம்சார் தளமாச்சு, இதே மாதிரி கடலோர உவர்நீர் சதுப்பு, இவ்ளோ பெரிய நகரமும் குப்பைமேடும் பக்கத்துல கிடையாது. பள்ளிக்கரணை எப்படி ஆகணும்னு கேட்டா கிட்டத்தட்ட அதைக் காட்டலாம். அங்கயும் இங்கயும் ஒரே வாரத்துல, ஒரே வலையில, ஒரே நேரத்துல சாம்பிள் எடுத்தா மழையோட பங்கு எவ்ளோ, வேலையோட பங்கு எவ்ளோன்னு பிரிச்சுப் பார்க்கலாம்.

இந்தியாவுல இது முடியுமான்னு யாராவது கேட்டா சிலிகாவ காட்டுங்க. ஒடிசாவுல அந்த ஏரி முகத்துவாரம் அடைபட்டு, உப்பு குறைஞ்சு, நன்னீர்க் களை மண்டி, 1993ல ராம்சாரோட ஆபத்துப் பட்டியலான மான்ட்ரோ பதிவேட்டுல போச்சு. 2000ல கடலுக்குப் புது வாய் வெட்டினாங்க, களை குறைஞ்சுது, கடற்புல் பரவுச்சு, மீன்பிடிப்பு ஏறுச்சு, 2002ல அந்தப் பட்டியல்ல இருந்து வெளிய வந்துச்சு. கடற்புல், ஐராவதி டால்பின், சேத்துல வாழற உயிர்னு அவங்க தொடர்ந்து பார்க்கறாங்க, ஏரிக்கு கிரேடு போட்ட ரிப்போர்ட் கார்டே வெளியிட்டிருக்காங்க. மத்திய அரசோட ஈரநில ஹெல்த் கார்டு முறை நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு, அதுல நீர்ப்பறவை, ஆக்கிரமிப்புச் செடி எல்லாம் வருது, அதோட சேத்துல வாழற உயிரையும் தும்பியையும் தவளையையும் சேர்த்துட்டா பள்ளிக்கரணைக்குன்னு ஒரு கார்டு ரெடி.

அந்த கார்டு பொதுவெளியில இருக்கணும், மூல டேட்டாவோட. ராம்சார் தளத்தோட சூழலியல் தன்மை மாறினா நாடு அதைத் தெரிவிக்கணும்னு ஒப்பந்தமே சொல்லுது, அப்போ பக்கத்துல குடியிருக்கற எங்களுக்கும் தெரியத்தானே வேணும். வேளச்சேரி, பெரும்பாக்கம், துரைப்பாக்கம் பக்கத்து காலேஜ்ல விலங்கியல், தாவரவியல் படிக்கற பிள்ளைங்க இருக்காங்க, தண்ணியில இறங்கி வலை போடற மீனவர்கள் இருக்காங்க, எந்த வருஷம் எந்த மீன் காணாம போச்சுன்னு அவங்க வாய்ல இருந்து கேட்டு எழுதுனா அதுவே ஒரு பழைய பேஸ்லைன். அவங்களுக்கு நாள் கூலி குடுத்து டீம்ல சேருங்க, சும்மா கூட்டத்துக்குக் கூப்பிட்டு போட்டோ எடுத்துட்டு அனுப்பாதீங்க.

இன்னொண்ணும் இப்போவே எழுத்துல வச்சுடுங்க: எந்தக் குறிகாட்டி எந்த அளவுக்குக் கீழ போனா எந்த வேலைய நிறுத்திட்டு எதைச் சரிபண்ணுவோம்னு. உதாரணமா நாராயணபுரம் பக்கத்து வாய்க்கால் வாய்ல ரெண்டு சீசன் தொடர்ந்து சிவப்புப் புழுவும் மண்புழுவும் மட்டும்தான் வருதுன்னா, அந்த வாய்க்கால்ல கழிவுநீர் எங்க கலக்குதுன்னு மாநகராட்சியும் குடிநீர் வாரியமும் இத்தனை நாளைக்குள்ள தேடிச் சொல்லணும்னு. அப்படி ஒரு விதி இல்லைன்னா இண்டிகேட்டர் அறிக்கையும் அலமாரிலதான் போய் உக்காரும்.

ஈரநில இயக்கம் அஞ்சு வருஷத்துல 100 ஈரநிலம்னு தொடங்கினது, எல்லாத்துக்கும் இதை ஒரே நாள்ல செய்ய முடியாதுன்னு எனக்கும் தெரியும். பள்ளிக்கரணையையும் கழுவெளியையும் மட்டும் முதல்ல எடுங்க. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி ஒரு தடவை, தை மாசத்துல ஒரு தடவை, தண்ணி வத்துற சித்திரையில ஒரு தடவை. முதல் சுற்று செப்டம்பர்லயே தொடங்கிடலாம். எந்தெந்த இனம், எந்தெந்த இடம், யார் பொறுப்புங்கற பட்டியல அதுக்கு முன்னாடி ஆணையத்தோட இணையதளத்துல தமிழ்ல போட்டு, எங்க கருத்தையும் கேளுங்க. நாங்க கண்டிப்பா எழுதுவோம்.

இப்படிக்கு,
பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் பக்கத்துல குடியிருக்கற ஒருத்தர்